அமுக்கினால் எழ வேண்டும்

கான்சர்ட்டினா என்றதும் நம்மில் பலருக்கு எல்லைப்புறத்து முள்கம்பிச் சுருள்தான் ஞாபகம் வரும். செய்திப் படங்களில் ஜவான்கள் இழுத்து விரிப்பார்களே, அந்தக் கம்பி. அதற்குப் பெயரைக் கடன் கொடுத்தது ஒரு சாதுவான வாத்தியம். இரண்டு கைகளுக்கும் நடுவே அடங்கிவிடுகிற அறுகோணப் பெட்டி. நடுவில் மடிப்பு மடிப்பாகத் தோல் துருத்தி, இரண்டு பக்கமும் மரத்தில் பூ வேலை செய்த மூடிகள், மூடிகளில் வரிசையாகச் சின்னச் சின்னப் பட்டன்கள். இழுத்தாலும் அமுக்கினாலும் காற்று ஓடும். எந்தப் பட்டனை அழுத்தியிருக்கிறோமோ அந்த ஸ்வரம் பேசும். நம் ஹார்மோனியத்துக்கும் சுருதிப்பெட்டிக்கும் நெருங்கிய சொந்தம். எல்லாமே ஒரு சட்டத்தின் இடுக்கில் சுதந்திரமாகத் துடிக்கிற உலோக நாக்கை நம்பிப் பிழைப்பவை.

இந்தப் பெட்டிக்கு வயதானால் முதலில் வருகிற வியாதி, அமுக்கிய பட்டன் எழாமல் அப்படியே உட்கார்ந்துவிடுவது. பாட்டு எங்கோ போய்விட்டிருக்கும். அந்த ஒரு ஸ்வரம் மட்டும், விடைபெற்ற பிறகும் வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கிற உறவினர் மாதிரி ஒலித்துக்கொண்டே இருக்கும்.

இதைக் கண்டுபிடித்தவர் நமக்கு அன்னியரல்ல. பிளஸ் டூ பௌதிகத்தில் 'வீட்ஸ்டன் பாலம்' வரைந்து மார்க் வாங்கியிருக்கிறோம் அல்லவா, அதே சார்லஸ் வீட்ஸ்டன்தான். (பாலத்தை 1833-ல் முதலில் சொன்னவர் சாமுவேல் ஹன்டர் கிறிஸ்டி, 1843-ல் அதைப் பிரபலப்படுத்தியதற்காக வீட்ஸ்டன் பெயர் ஒட்டிக்கொண்டது. அவரே அதைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளவில்லை என்பது அவருக்குப் பெருமை.) 1802-ல் பிறந்தவர், வாத்தியம் செய்து விற்கிற குடும்பம். பட்டன் வைத்து வாயால் ஊதுகிற ஒரு சிறு கருவிக்கு 1829-ல் காப்புரிமை வாங்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் கான்சர்ட்டினா. அதற்கான காப்புரிமை 1844-ல். நடுவில் 1837-ல் குக் என்பவரோடு சேர்ந்து தந்திக் கருவி வேறு. ஏறக்குறைய அதே சமயத்தில், 1834-ல், ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரத்தில் கார்ல் ஃபிரெடரிக் ஊலிக் என்பவர் தன் வழியில் இன்னொரு பட்டன் பெட்டியைச் செய்துவிட்டார். ஊலிக்கின் பெட்டியில் இழுத்தால் ஒரு ஸ்வரம், அமுக்கினால் வேறு ஸ்வரம். வீட்ஸ்டன் பெட்டியில் இரண்டுக்கும் ஒரே ஸ்வரம். ஜெர்மன் ஏற்பாட்டை இங்கிலாந்துக்காரர்கள் தங்கள் கைவேலையோடு கலந்து 'ஆங்கிலோ' என்று பெயரிட்டார்கள். வீட்ஸ்டனிடம் வேலை பார்த்த லூயி லாஷனால் என்ற ஸ்விஸ்காரர், இதன் பாகங்களை மெஷினில் வெட்டும் முறையைக் கொண்டுவந்து விலையைக் குறைத்தார். பிறகு தன் பெயரிலேயே கம்பெனி ஆரம்பித்தார். சீமான்களின் வரவேற்பறையிலிருந்து பெட்டி தெருவுக்கு வந்தது.

தெருவுக்கு வந்த வாத்தியம் கப்பல் ஏறாமல் இருக்குமா? மாலுமிகள் கொண்டுபோனார்கள், சிப்பாய்கள் கொண்டுபோனார்கள், சால்வேஷன் ஆர்மிக்காரர்கள் தெருமுனைக் கூட்டத்துக்கு எடுத்துப் போனார்கள். அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்தில் இது பெண்களின் வாத்தியமாகவே ஆகிவிட்டது. 1960-ல் காலமான எலிசபெத் க்ராட்டி என்ற அம்மாள் அங்கே இன்றும் ஒரு பெரிய பெயர். தென்னாப்பிரிக்காவில் போயர்களும் வாசித்தார்கள், ஜூலுக்களும் வாசித்தார்கள். வேறு எதிலும் ஒத்துப்போகாத இரண்டு ஜனங்கள்!

இந்தியாவில் ஹார்மோனியம் முந்திக்கொண்டது. கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ், காலால் மிதிக்கிற பிரெஞ்சு ஹார்மோனியத்தைத் தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தி போடுகிற பெட்டியாக மாற்றிய பிறகு, இன்னொரு துருத்திக்கு நமக்கு அவசியமில்லாமல் போயிற்று. ஆகவே இங்கே கான்சர்ட்டினா இருந்த இடம் ஆங்கிலோ இந்தியர் வீடுகள், மிஷன் பங்களாக்கள் என்று கொஞ்சம்தான். இருந்தவற்றிலும் பாதி ஏலக்கடைக்குப் போய்விட்டன. எனக்குத் தெரிந்த ஒன்று மிஞ்சியிருப்பது கல்கத்தாவின் போ பாரக்ஸில், சிவப்புச் செங்கல் குடியிருப்பு ஒன்றின் இரண்டாவது மாடியில்.

அதன் சொந்தக்காரி எண்பது தாண்டிய விதவை. ரயில்வேயில் கார்டாக இருந்த அவருடைய கணவர், அப்பாவிடமிருந்து வாங்கிக்கொண்ட பெட்டி. லாஷனால் செய்தது, இருபது பட்டன் ஆங்கிலோ, மஹாகனி மூடி. அந்தக் கம்பெனி 1930-களில் மூடப்பட்டுவிட்டது என்பதால் பெட்டிக்கு வயது குறைந்தபட்சம் தொண்ணூறு. கணவர் போனபின் அதைத் தொடுவாரில்லை. வலது கைப் பக்கம் மூன்று பட்டன்கள் உட்கார்ந்துவிட்டன. பழம்பொருள் வியாபாரி ஒருவர் வந்து பார்த்து, "செத்துப் போன சாமான் ஆன்ட்டி, அலமாரியில் வைக்கத்தான் ஆகும்" என்று மூவாயிரம் ரூபாய் விலை சொல்லிவிட்டுப் போனார். பேரன் ஆஸ்திரேலியாவிலிருந்து கிறிஸ்துமஸுக்கு வருகிறான். அவனுக்கு வாசிக்கத் தெரியும். "வந்து அவன் இதைத் தேடுவான், மேன். அப்போது நான் மூவாயிரத்தைக் காட்டவா?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியாத கேள்வி. ஓடுகிற நிலையில் இருக்கும் இதே பெட்டி இங்கிலாந்தில் சில நூறு பவுனுக்குப் போகும் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. அது அவர் கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாதது.

ரவீந்திர சரணியில், வரிசையாக ஹார்மோனியக் கடைகள் இருக்கும் பகுதியில், ஒரு மிஸ்திரியைப் பிடித்தேன். கல்கத்தாவில் மரியாதைக்குரிய அண்ணன் எல்லோரும் தாதாதான். நம் சினிமா தாதாவை மறந்துவிடுங்கள். இந்த தாதா வாழ்நாளில் இரண்டே கான்சர்ட்டினாவைப் பார்த்தவர். "ஆனால் பட்டன் சிக்குவதும் கட்டை சிக்குவதும் ஒரே வியாதிதான்" என்றார். மழைக்கால ஹார்மோனியத்தில் கட்டைகள் ஊறி ஒன்றோடொன்று உரசுவதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார்.

அவர் செய்த முதல் காரியம் என்னைக் கவர்ந்தது. பெட்டியைத் திறக்கவில்லை. மூடியைத் துருத்தியோடு பிணைக்கிற ஆறு திருகுகளையும் ஒரு கால் சுற்று மட்டும் தளர்த்தினார். சிக்கிய மூன்று பட்டன்களில் ஒன்று 'டக்'கென்று எழுந்தது. மற்ற இரண்டும் அசையவில்லை. அரை நிமிஷத்தில், கருவி எதுவும் இல்லாமல், வியாதி இரண்டு வகை என்று தெரிந்துவிட்டது. எழுந்த பட்டனுக்குப் பிரச்சினை மூடியில். எழாதவற்றுக்குப் பிரச்சினை உள்ளே.

இதைப் புரிந்துகொள்ள உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். பட்டன் என்பது பார்ப்பதற்குத்தான் பட்டன். உண்மையில் அது ஒரு சின்னத் தூண். தலை மூடியின் துளை வழியே வெளியே தெரியும். அடியில் மெல்லிய முளை ஒன்று, கீழே உள்ள பலகையின் துளைக்குள் ஏறி இறங்கும். தூணின் இடுப்பில் குறுக்காக ஒரு ஓட்டை. அதற்குள் பித்தளை லீவரின் ஒரு முனை நுழைந்திருக்கிறது. லீவர் நடுவில் ஒரு சின்னப் பித்தளைக் காலில் ஊஞ்சல் பலகை மாதிரி ஆடும். மறுமுனையில் தோலும் கம்பளியும் ஒட்டிய ஒரு வில்லை, காற்றுத் துளையை மூடிக்கொண்டிருக்கும். பட்டனை அமுக்கினால் வில்லை தூக்கும், காற்று ஓடும், அடியில் உள்ள நாக்கு பேசும். விரலை எடுத்ததும் வில்லையைத் திரும்ப உட்கார வைத்துப் பட்டனை எழுப்புவது, மெல்லிய பித்தளைக் கம்பி ஸ்பிரிங் ஒன்று. அதற்கு அதிக பலம் கிடையாது, இருக்கவும் கூடாது. இருந்தால் வாசிப்பவர் விரல் நொந்துபோகும். ஆகவே வழியில் எங்கே கொஞ்சம் உராய்ந்தாலும் ஸ்பிரிங் தோற்றுவிடும்.

உராயக்கூடிய இடங்கள் அதிகமில்லை. மூடியின் துளை, முளையின் துளை, இடுப்பு ஓட்டை, லீவரின் அச்சு, பக்கத்து லீவர். பட்டன் எழுந்துவிட்டது, ஸ்வரம் மட்டும் நிற்கவில்லை என்றால் அது வேறு கேஸ்: வில்லை சரியாக உட்காரவில்லை, அடியில் தூசியோ பூச்சி தின்ற கம்பளித் துணுக்கோ இருக்கும். எந்தப் பட்டனையும் தொடாமலே ஸ்வரம் கேட்டால் ஒன்று வில்லை ஒழுகுகிறது, அல்லது உள்ளறைகளுக்கு நடுவே காற்று கசிகிறது. அதற்குப் பட்டனோடு மல்லுக்கட்டிப் பிரயோஜனமில்லை.

ஆறு திருகுகளையும் கழற்றி, ஒரு அட்டையில் அறுகோணம் வரைந்து, எது எந்த மூலையிலிருந்து வந்ததோ அந்த மூலையில் குத்தி வைத்தார் தாதா. பழைய பெட்டிகளில் ஒரு துளையின் திருகு இன்னொன்றில் ஒழுங்காக ஏறும் என்று சொல்ல முடியாது. மூடி வந்தது. வந்ததும் ஒரு வாசனை. தையல் மெஷின் எண்ணெய்.

யாரோ, எப்போதோ, நல்ல எண்ணத்தோடு பட்டன்களின் இடுக்கில் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். இந்த இடத்தில் நான் கொஞ்சம் கோபப்பட்டுக்கொள்கிறேன். நம் தேசத்தில் எது சிக்கினாலும் எண்ணெய்தான். கதவுக் கீலுக்கு அது நியாயம். இங்கே மரமும் கம்பளியும் தோலும்தான் வேலை செய்கின்றன. எண்ணெயை மரம் குடிக்கும், கம்பளி உறிஞ்சி உப்பும், தூசி வந்து ஒட்டிக் கறுப்புப் பசையாகும். ஒரு வாரம் பட்டன் வழுக்கிக்கொண்டு போகும், எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். ஒரு வருஷம் கழித்து முன்னைவிட மோசமாகச் சிக்கும். நம் வீடுகளில் தேங்காய் எண்ணெய் விடுகிறவர்களும் உண்டு. அது ஏறக்குறைய 24 டிகிரியிலேயே உறைந்துவிடும் என்பதால் கல்கத்தாவின் டிசம்பரில் பட்டனுக்கு மெழுகு வார்த்த கதைதான். எண்ணெய் கீழே கசிந்து வில்லைத் தோலை எட்டிவிட்டாலோ செலவு இரட்டிப்பு.

முதல் பட்டனைச் சுற்றி மூடித் துளையில் ஒட்டியிருந்த கம்பளி வளையம் எண்ணெய் குடித்து உப்பியிருந்தது. போதாததற்கு திருகுகளை யாரோ பலமாக முறுக்கியதில் மூடி ஒரு நூல் வளைந்து, துளை பட்டனை ஒரு பக்கமாக நெருக்கியது. தாதா பழைய வளையத்தைச் சுரண்டி எடுத்தார். மையொற்றும் தாளை வைத்து வைத்து மரத்திலிருந்து எண்ணெயை வாங்கினார். மெல்லிய கம்பளித் துணியில் ஒரு பட்டை வெட்டி, சுருட்டி, துளையில் ஒட்டினார். ஒட்டியது தச்சர்கள் காய்ச்சுகிற வஜ்ஜிரப் பசையில். உடனடிப் பசை எதுவும் வேண்டாம் என்றார். வஜ்ஜிரத்தைக் கொஞ்சம் சூடும் ஈரமும் காட்டிப் பிரிக்கலாம். இன்னும் ஐம்பது வருஷம் கழித்து இதைப் பிரிக்கப் போகிறவன் திட்டக்கூடாது அல்லவா? புது வளையம் சற்று இறுக்கமாக இருந்தது. வழவழப்பான ஸ்வெட்டர் ஊசியைத் துளையில் விட்டுச் சுழற்றிச் சுழற்றிக் கம்பளியைப் படிய வைத்தார். வெட்டவில்லை.

இரண்டாவது பட்டன் மூடியை எடுத்த பிறகும் எழவில்லை. அதை லீவரிலிருந்து உருவி, முளையை மட்டும் பலகைத் துளையில் விட்டுப் பார்த்தார். தன் கனத்தில் தானே இறங்க வேண்டும், பாதியில் நின்றது. முளையில் கறுப்புப் பசை. ஒரு சொட்டு ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்ததும் அடியிலிருந்து வெளுத்த நிறம் வந்தது. கூட வந்திருந்த ஆன்ட்டி, இவை தந்தம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாராம். பூதக்கண்ணாடியில் பொடிப்பொடியாகக் கறுப்புக் கீற்றுகள் தெரிந்தன. அவை எலும்பின் ரத்தக்குழாய்த் தடங்கள், தந்தத்தில் இருக்காது. "மாடுதானா?" என்றார் சற்று ஏமாற்றத்தோடு. தந்தமாக இருந்திருந்தால் விற்பதற்கும் வாங்குவதற்கும் சட்டம் குறுக்கே வந்திருக்கும் என்று சொன்னேன். ஆறுதல் அடைந்த மாதிரி தெரியவில்லை.

மூன்றாவதுதான் வேடிக்கை. அங்கே ஸ்பிரிங்கே இல்லை. ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஊக்கு. சேலைக்குக் குத்துகிற சாதாரண சேஃப்டி பின்னை வெட்டி, அதன் சுருளை ஸ்பிரிங்காக மாட்டியிருந்தார்கள். யோசனை மோசமில்லை. அவசரத்துக்கு இப்படிச் செய்கிறவர்கள் உலகம் பூராவும் உண்டு. ஆனால் ஊக்கு எஃகு, துருப்பிடித்திருந்தது. பித்தளைக் கம்பியைவிடப் பலமாக, அதுவும் கோணலாக, லீவரை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. அந்தக் கோணலில் முளை துளையின் சுவரில் சாய்ந்து நின்றது. பலமான ஸ்பிரிங் போட்டும் பட்டன் எழாத காரணம் அதுதான். தாதா பித்தளைக் கம்பியை ஒரு ஆணியில் சுற்றிப் புது ஸ்பிரிங் செய்ய ஐந்து நிமிஷம் ஆயிற்று. லீவரை நேர் செய்ய முக்கால் மணி.

ஆன்ட்டி ஊக்கைக் கேட்டு வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். "இது என்னுடையது. 1971. ஜன்னலுக்கு வெளியே பிளாக் அவுட். விளக்கை அணைத்துவிட்டு இவர் வாசித்துக்கொண்டிருந்தபோது ஸ்பிரிங் உடைந்தது." அவ்வளவுதான் சொன்னார்.

எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தபோது தாதா பெட்டியை மூட மறுத்துவிட்டார். அது செப்டம்பர், காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும். இரண்டாவது பட்டனின் முளைத் துளை இன்னும் லேசாகப் பிடித்தது. உருண்டை அரத்தை இரண்டு சுற்றுச் சுற்றினால் போதுமே என்றேன். மழைக்காலத்தில் மரம் ஊறித் துளை சுருங்கியிருக்கிறது. இப்போது பெரிதாக்கினால் ஜனவரியில் பட்டன் தளர்ந்து ஆடும் என்றார். வெயிலில் வைக்கலாமா? கூடாது. பலகை வெடிக்கும், உள்ளறைகள் விட்டுக்கொள்ளும். பிறகு மூன்று பட்டனல்ல, இருபதும் ஒழுகும். "பூஜா கழித்து வாருங்கள்." பெட்டி ஆறு வாரம் அவருடைய அலமாரியில், துணி சுற்றி, சும்மா இருந்தது. வியாபாரி நடுவில் இரண்டு முறை வந்து, நாலாயிரம் வரை ஏறினாராம்.

மூடியைத் திரும்பப் போடுவது தனிப் பொறுமை. ஒரு பக்கத்தின் பத்துப் பட்டன்களும் பத்துத் துளைகளுக்கும் ஒரே நேரத்தில் தலை கொடுக்க வேண்டும். ஒன்பது நுழைந்ததும் பத்தாவது சாயும். அதை நிமிர்த்தினால் நாலாவது சாயும். தாதா மூடியை லேசாக மிதக்க விட்டு, கோணூசியால் ஒவ்வொன்றாகத் தலையைத் தட்டித் துளைக்குள் அனுப்பினார். இருபது பட்டன் பெட்டிக்கே இந்தப் பாடு. வீட்ஸ்டன் மாடலில் நாற்பத்தெட்டு.

திருகுகளை முடுக்கும் முன் ஒவ்வொன்றையும் முதலில் எதிர்ப்புறமாகச் சுற்றினார். பழைய மரை இருக்கும் இடத்தில் திருகு 'க்ளிக்' என்று விழும். அங்கிருந்து வலதுபுறம் திருப்பினால் பழைய தடத்திலேயே ஏறும், புது மரை வெட்டாது. விரல் பலத்துக்கு மேல் முடுக்கவில்லை. மூடி வளைந்ததற்கு முதல் காரணமே யாரோ காட்டிய பலம்தானே.

கூலியாக எண்ணூறு ரூபாய் கேட்டார். ஹார்மோனியத்துக்கு இதே வேலைக்கு அறுநூறாம். நாட்டில் ஹார்மோனிய வேலை குறைவில்லை. குஜராத்தில் பாலிதானாவிலிருந்து ரீடுகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆல் இந்தியா ரேடியோ 1940-லிருந்து 1971 வரை ஹார்மோனியத்தை உள்ளே விடாமல் வைத்திருந்தபோதுகூடக் கல்கத்தா மிஸ்திரிகள் பட்டினி கிடக்கவில்லை. ஆனால் தாதாவின் பையன் மொபைல் கடையில் இருக்கிறான். கடையில் வேறு ஆள் இல்லை.

பேரன் வந்தான், கிறிஸ்துமஸ் வாரத்தில் போ பாரக்ஸ் தெருவில் பெட்டி ஒலித்தது, வியாபாரி வரவில்லை. ஆன்ட்டியின் வீட்டில் அது இப்போது சுவரோரம் இல்லாமல் உள் அலமாரியில், பட்டன்கள் பக்கவாட்டில் பார்க்கும்படி படுத்திருக்கிறது. மருந்து பாட்டிலில் வருகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் நாலைந்து கூடவே. வாரத்துக்கு ஒரு நாள் அவர் எல்லாப் பட்டன்களையும் ஒருமுறை அமுக்கிப் பார்க்கிறார். அடுத்த ஜூலையில் எனக்குப் போன் செய்தார். இரண்டாவது பட்டன் திரும்பவும் கொஞ்சம் தயங்குகிறதாம், எண்ணெய் எதுவும் விடவில்லையாம். தாதாவிடம் கேட்டேன்.

"எவ்வளவு நேரம் தயங்குகிறது?"

"கண் சிமிட்டுகிற நேரம் என்கிறார்."

"அக்டோபரில் போய்விடும்" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த ஹார்மோனியக் கட்டையை இழைக்கப் போய்விட்டார்.